கேபினுக்குள் அடுப்பு வேண்டாம், வெளியே தாராளமாகச் சமையுங்கள்

நாமக்கல்லில் டாக்டராக இருந்தால் லாரியை விட்டுத் தப்பிக்க முடியாது. டிரைவர் வருவார், ஓனர் வருவார், பாடி கட்டுகிற பட்டறைக்காரர் வருவார், இல்லாவிட்டால் இவர்களில் ஒருவரின் மனைவி வருவார். சர்க்கரை, பிரஷர், அல்சர், இடுப்பு வலி, சிறுநீரகக் கல். ஆரம்பத்தில் நான் எல்லோருக்கும் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தேன். நேரத்துக்குச் சாப்பிடுங்க, எண்ணெயைக் குறைங்க, தாபா பக்கம் போகாதீங்க. அவர்களும் தலையை ஆட்டிவிட்டு, மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாக்பூருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

ஐம்பதைத் தாண்டிய டிரைவர் ஒருவர்தான் என் வாயை அடைத்தார். பதினைந்து வருடமாகச் சர்க்கரை உள்ளவர், மாதத்தில் இருபது நாளாவது ரோட்டில் இருப்பவர். ஆனால் மூன்று மாத சராசரி சர்க்கரை என்று பார்ப்போமே, அது அவருக்கு 7-ஐ ஒட்டித்தான் இருந்தது. வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் என் உறவினர்கள் பலருக்கு அதைவிட அதிகம். எப்படி என்று கேட்டேன். "நாங்க வண்டியிலயே ஆக்கிக்கிறோமுங்க சார்" என்றார். நான் நம்பாத மாதிரி பார்த்திருக்க வேண்டும், வெளியே நிறுத்தியிருந்த வண்டிக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வண்டியின் இடது பக்கம், பாடிக்குக் கீழே ஒரு இரும்புப் பெட்டி. பூட்டைத் திறந்ததும் கதவு கீழே மடங்கி, சங்கிலியில் தொங்கும் பலகையாக நின்றது, அதுதான் காய் நறுக்கும் மேடை. உள்ளே மூன்று லிட்டர் குக்கர், ஒரு வாணலி, கைப்பிடி உடைந்து கம்பி சுற்றிய கரண்டி. ஹார்லிக்ஸ் பாட்டில்களில் மல்லித்தூள், மிளகாய்த்தூள், கடுகு. வெயிலில் காய வைத்த கறிவேப்பிலை ஒரு காகிதப் பொட்டலத்தில். அரிசி பத்து கிலோ, துவரம்பருப்பு, கொள்ளு, புளி, சின்ன வெங்காயம். முட்டை மட்டும் கேபினில், சீட்டுக்குப் பின்னால், பழைய துணிகளுக்கு நடுவில். குண்டும் குழியுமான ரோட்டில் முட்டை உடையாதா என்று கேட்டதற்கு, "நாமக்கல்காரனுக்கு முட்டை கொண்டுபோகத் தெரியாதுங்களா" என்று சிரித்தார். கிருஷ்ணகிரி தாண்டினால் காய், ஐதராபாத் தாண்டினால் தயிர், அதற்கு மேல் எங்கே எது மலிவு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அன்றிலிருந்து டிரைவர்களிடம் நான் பாடும் பாட்டு மாறிவிட்டது. சமையுங்கள் என்கிறேன். உப்பும் எண்ணெயும் உங்கள் கையில் இருக்கிறது, பருப்பும் முட்டையும் சேர்கிறது, சோற்றின் அளவு உங்களுக்கே தெரிகிறது, காசும் மிச்சம். இன்னொன்றும் இருக்கிறது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1961-ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. அந்த ஓய்வை யார் தருகிறார்கள்? லோடு சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று போன் மேல் போன். ஆனால் அடுப்பு வைத்தால் வண்டியை நிறுத்தித்தானே ஆக வேண்டும். அரிசி வேகும் வரை அவர் நிற்கிறார், நடக்கிறார், குனிகிறார், தண்ணீர் குடிக்கிறார். நான் எழுதிக் கொடுக்கும் எந்த மாத்திரையும் இதைச் செய்யாது.

சரி, எல்லாம் நல்லதுதான். அதே மனிதரிடம் போகிற போக்கில், மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கேபினுக்குள்ள வச்சுக்குவோமுங்க, கண்ணாடிய ஏத்திவிட்டுட்டா காத்தும் அடிக்காது." எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

மூடிய கேபினுக்குள் எந்த அடுப்பு எரிந்தாலும், கேஸோ மண்ணெண்ணெயோ கரியோ, உள்ளே இருக்கும் ஆக்சிஜன் குறையும், எரிவது அரைகுறையாகும், கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறி உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக. முதலில் லேசாகத் தலை வலிக்கும், கிறுகிறுக்கும், வயிற்றைப் பிரட்டும், அப்புறம் கை கால் சோர்ந்து தூக்கம் வரும். எந்த டிரைவருக்குத்தான் தலைவலியும் சோர்வும் இல்லை? வண்டி ஓட்டிய களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார், அதோடு எழுந்திருக்காமலே போய்விடலாம். டிசம்பர், ஜனவரியில் டெல்லி, ஹரியானா, பஞ்சாப் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனம். நம் ஆட்களுக்கு அந்தக் குளிர் பழக்கமில்லை, அங்கே உள்ளவர்கள் கரிச்சட்டி வைத்துக் குளிர் காய்வதைப் பார்த்து இவர்களும் ஒரு சட்டியைக் கேபினுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். குளிர்காலம் வந்தால் அங்கிருந்து இப்படிச் செத்தவர்களைப் பற்றிய செய்தி வராமல் இருப்பதில்லை. இரண்டு கம்பளி கூட வாங்கிக்கொள்ளுங்கள், சட்டி வேண்டாம். 2025 அக்டோபர் 1-லிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று ஆகிவிட்டது. நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனால் பழைய வண்டியில் கதவு இடுக்கு வழியாகவாவது காற்று வரும், இந்தக் கேபினில் அதுவும் வராது.

யாராவது கேபினில் அப்படிக் கிடந்தால் முதலில் இரண்டு கதவையும் திறந்து ஆளை வெளியே இழுத்துப் போடுங்கள், அப்புறம் 112, தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033. நீங்கள் மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து அவரைத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்க வேண்டாம், அடுத்து நீங்கள் விழுவீர்கள்.

கேஸுக்கு இன்னொரு கதை உண்டு. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, கேபின் தரையில் உங்கள் செருப்புக்குப் பக்கத்தில் வந்து தேங்கும், ஜன்னல் திறந்திருந்தாலும் சட்டென்று வெளியேறாது. 2023 ஆகஸ்டில் மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தது நினைவிருக்கும். அதுவும் சட்டத்துக்குப் புறம்பாக உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால்தான், விடிகாலையில் டீ போடப் போய். ஒரு ரயில் பெட்டிக்கே அந்தக் கதி என்றால் கேபின் எம்மாத்திரம். ஐந்து கிலோ சிலிண்டரை எண்ணெய் கம்பெனி ஏஜென்சியிலோ பங்கிலோ முறையாக வாங்குங்கள், கிலோ கணக்கில் நிரப்பித் தரும் மூலைக் கடைகளில் வேண்டாம். எப்போதும் நிமிர்த்தி, ஆடாமல் கட்டி, வெளிப்பெட்டியில் வைக்க வேண்டும், தூங்கும் இடத்தில் கூடாது. வாஷரில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் நுரை கட்டுகிறதா என்று தெரிந்துவிடும், அரை நிமிட வேலை.

கேஸ் டேங்கர், பெட்ரோல் டேங்கர் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையே கிடையாது. காலி டேங்கர்தானே என்று சொல்லாதீர்கள், காலியில்தான் ஆவி இருக்கும். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள், அப்புறம் ஓட்டல்தான்.

மற்றவர்கள் எங்கே அடுப்பு வைப்பது? ரோட்டோரத்தில் வேண்டவே வேண்டாம். லாரி நிழலில், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும், பின்னால் வருகிறவன் கண் அசந்தால் இவர் எங்கே போவார்? லாரி நிறுத்துமிடத்துக்குள் போய்விடுங்கள், ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், டீசல் டேங்க் இல்லாத பக்கம் தள்ளி அடுப்பை வையுங்கள். மழை பெய்தால் தார்ப்பாயின் ஒரு முனையை மட்டும் இழுத்துக் கட்டி மூன்று பக்கமும் திறந்துவிடலாம், அதுவும் முடியாத மழை என்றால் அன்றைக்கு ஓட்டலில் நாலு இட்லி சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

கொதித்த குழம்பு காலில் கொட்டினால் பேஸ்ட், மாவு, டீசல் எதுவும் வேண்டாம். இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். எப்போதும் ஒரு குடம் தனியாக இருக்கட்டும்.

அடுத்து, மிச்சச் சோறு. இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். "எங்க ஆத்தா பழைய சோறு குடிச்சுத்தானுங்க எண்பது வயசு இருந்துச்சு." இருக்கலாம், ஆத்தா அதை வீட்டில் தண்ணீர் ஊற்றி, நிழலில், மண்சட்டியில் வைத்தார். நீங்கள் காலையில் வடித்ததைக் குக்கரிலேயே மூடி, மே மாதம் 45 டிகிரி நாக்பூர் வெயிலில் கேபினில் வைத்து, ராத்திரி எடுத்துத் தாளித்துச் சாப்பிடுகிறீர்கள். அரிசியில் ஒரு கிருமி உண்டு, அதன் விதை மாதிரியான வடிவம் வேக வைத்தாலும் சாகாது. சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது முளைத்துப் பெருகி விஷத்தை விடும், அந்த விஷம் திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. ஆளில்லாத காட்டு ரோட்டில், ராத்திரி இரண்டு மணிக்கு, முப்பது டன் லோடோடு வாந்தி எடுப்பதை யோசித்துப் பாருங்கள். ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் வடியுங்கள். கோழி வாங்கினால் வாங்கிய இடத்திலேயே வேகவைத்துவிடுங்கள், ஃபிரிட்ஜ் இல்லாமல் ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப்போய் ஆக்கலாம் என்று கட்டி எடுத்துப் போக வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரையை எப்போது போடுகிறார்கள் என்று கேட்டால், "குக்கர வச்சதும் போட்டுக்குவேனுங்க" என்பார்கள். குக்கர் வைத்ததும் ஆர்டிஓவோ போலீஸோ வண்டியை எடுக்கச் சொன்னால் என்ன ஆகும்? கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ உள்ளே போய்விட்டது, சாப்பாடு போகவில்லை, ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். சோறு தட்டில் விழுந்த பிறகு போடுங்கள். ஓட்டும்போது திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, கண் மங்கினால், அடுத்த ஊர் வரட்டும் என்று இழுக்காமல் ஓரங்கட்டி, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி கழித்துச் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. அதற்காகவே ஒரு சர்க்கரைப் பொட்டலம், டீக்குப் போடாமல், ஸ்டியரிங் பக்கத்தில்.

இன்சுலினைக் கேபின் பெட்டியில், இன்ஜின் சூட்டுக்கு மேலே வைத்தால் வீணாகிவிடும். முன்னே சொன்ன டிரைவர் இப்போது இன்சுலினுக்கு மாறியிருக்கிறார். ஒரு சின்ன மண்பானையை இன்னொரு பெரிய மண்பானைக்குள் வைத்து, நடுவில் ஈர மணல் போட்டு, மேலே ஈரத்துணி கட்டி, பாட்டிலை உள்ளே வைத்துக்கொள்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போன தடவை திறந்து காட்டச் சொன்னபோது பாட்டிலுக்கு மேலே நாலு தக்காளியும் ஒரு தயிர் பாக்கெட்டும் இருந்தன.