பால் ஏன் உப்புக் கரிக்கிறது?

காட்பாடியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்த மூன்றாம் வாரம் இடது மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. ஒரு பக்கம் சிவந்து கொதித்தது, குளிர் காய்ச்சல் வேறு. குழந்தையோ இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "பால் கெட்டுப்போச்சும்மா, பீச்சிக் கொட்டிடு" என்றார் மாமியார். அவள் ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

பால் கெடவில்லை. பால் சுரக்கும் செல்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்பவை. ரத்தத்திலுள்ள சோடியம் பாலுக்குள் புகாமல் தடுப்பது அந்த ஒட்டுதான். மார்பில் அழற்சி வந்ததும் ஒட்டு தளர்ந்து சோடியமும் குளோரைடும் உள்ளே கசிகின்றன. இனிப்புத் தரும் லாக்டோஸ் குறைகிறது. அந்த ருசி மாற்றம்தான் குழந்தைக்குப் பிடிக்கவில்லை. அழற்சி தணிந்தால் பழைய ருசி திரும்பிவிடும்.

சரி, கிருமி? பெரும்பாலும் ஸ்டபைலோகாக்கஸ் ஆரியஸ். பலருடைய மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகவே இருப்பது. பாலிலேயே அதை எதிர்க்கும் ஆன்டிபாடிகளும் லாக்டோஃபெரின் என்ற புரதமும் வெள்ளணுக்களும் உண்டு. நிறைமாதத்தில் பிறந்த, ஆரோக்கியமான குழந்தைக்குத் தயங்காமல் கொடுக்கலாம். டாக்டர் வழக்கமாக எழுதும் செஃபலெக்சின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளும் பாலில் மிகக் குறைவாகவே கலக்கும்.

திடீரென நிறுத்தினால்தான் ஆபத்து: பால் தேங்கி, சீழ் கட்டலாம். அதற்காகப் பம்ப் வைத்துக் கடைசிச் சொட்டுவரை எடுக்கவும் கூடாது. எடுக்க எடுக்க இன்னும் சுரக்கும், வீக்கம் ஏறும். குழந்தை கேட்கும்போது கொடுத்தால் போதும்.

சூடாக ஒத்தடம் கொடுத்து அழுத்தித் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் சுற்றியுள்ள திசு வீங்கி நெருக்குவதால்தான் பால் குழாய் குறுகுகிறது. தேய்த்தால் வீக்கம் கூடும். 2022இல் வெளியான தாய்ப்பால் மருத்துவ அகாதமியின் வழிகாட்டுதலும் குளிர்ந்த ஒத்தடத்தையே சொல்கிறது.

பால் கட்டினால் மல்லிகைப் பூ வைத்துக் கட்டச் சொல்பவர்களும் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதைச் சோதித்து 1988இல் எழுதியிருக்கிறார்கள்: பூ உண்மையாகவே பால் சுரப்பைக் குறைக்கிறது. அது பாலை நிறுத்த வேண்டிய தாய்க்கு உதவும். கொடுக்க வேண்டியவளுக்கு வேண்டாம்.

ஒரு நாளாகியும் காய்ச்சல் விடாவிட்டால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கட்டி கரையாமல் நின்றால் ஸ்கேனில் பார்த்து ஊசியாலேயே சீழை உறிஞ்சி எடுப்பார்கள். அப்போதும் பெரும்பாலும் அந்த மார்பிலேயே பால் கொடுக்கலாம்.