கலுங்கை அடைக்காதீர்கள்: தோட்டத்தில் மண்ணணை வைத்திருப்போருக்கு

இந்த ஒரு பருவமழையில் மட்டும் மூன்றாவது முறையாக, உடைந்துபோன தனியார் மண்ணணை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். மலையடிவாரத் தோட்டத்தில் ஓடையை மறித்துப் போட்ட 12 அடி உயரக் கரை அது. தென்னைக்குப் பாசனம், மாடுகளுக்குக் குடிநீர், கீழ்க்கிணற்றுக்கு ஊற்று, வருமானத்துக்குக் கட்லாவும் ரோகுவும் என்று அந்தக் குடும்பத்துக்கே சோறு போட்ட கரையை ஒரே இரவில் வெள்ளம் நடுவில் அறுத்துக்கொண்டு போய்விட்டது. மிகுநீர் வழிந்து வெளியேறக் கரையில் விட்ட வழியான கலுங்கில் மணல் மூட்டைகள் ஓரடி உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் மேல், மீன் தப்பாமலிருக்கக் கட்டிய வலை, உண்ணிச்செடிச் சுள்ளியும் தேக்கிலையும் அப்பிச் சுவராகவே நின்றது.

"வழிந்து போகிற தண்ணீர் வீண்தானே சார், ஓரடி கூடத் தேங்கினால் இன்னொரு தண்ணீர் பாய்ச்சலாமே" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கலுங்கு வழியாகப் போகும் நீர்தான் உங்கள் கரையைக் காப்பாற்றுகிறது. பத்தடி அகலக் கலுங்கில் இரண்டடி உயரத்துக்கு நீர் பாய்ந்தால் வினாடிக்கு ஏறக்குறைய 2,400 லிட்டர் வெளியேறும். மூட்டை அடுக்கி அதை ஓரடியாகக் குறைத்தால் பாதி நீராவது போகும் என்று நினைப்பீர்கள். போகாது, சுமார் 850 லிட்டர்தான் போகும். மிச்சம் முழுவதும் கரையின் தலைக்கு மேல் ஏறும், அதுவும் டிராக்டர் ஓடி ஓடித் தாழ்ந்துபோன இடத்தைத் தேடி ஏறும். மண்கரை அதைத் தாங்காது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த சவுத் ஃபோர்க் மண்ணணை இதைவிட மிகப் பெரியது. அதை வாங்கிய ஒரு தனியார் பொழுதுபோக்குச் சங்கம், வண்டிகள் போய்வர வசதியாகக் கரையின் தலையைத் தாழ்த்தியது, மீன் தப்பாமலிருக்கக் கலுங்கில் கம்பித் தடுப்பு வைத்தது. அடிமதகின் குழாய்கள் முந்தைய உரிமையாளர் காலத்திலேயே பிடுங்கப்பட்டிருந்தன. 1889 மே 31 அன்று பெய்த பெருமழையில் அணை உடைந்து, ஜான்ஸ்டவுன் நகரத்திலும் அதற்கு மேலிருந்த ஊர்களிலும் 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நேற்று நான் பார்த்த தோட்டத்திலும் அதே தாழ்ந்த கரை, அதே மீன்தடுப்பு.

நம் நாட்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021, பத்து மீட்டருக்கும் குறைந்த உயரமுள்ள இத்தகைய அணைகளைத் தொடுவதில்லை. ஆகவே பொறுப்பு முழுவதும் உங்களுடையது. ஐப்பசி பிறக்கும் முன் மூட்டைகளை எடுத்துவிடுங்கள், வலையைக் கழற்றிவிடுங்கள். மீன் போனால் அடுத்த ஆண்டு குஞ்சு விடலாம். கரையின் தலையில் தாழ்ந்த இடங்களுக்கு மண் போட்டு, நனைத்துக் கெட்டியாக்குங்கள். வெளிச்சரிவில் கசியும் நீர் கலங்கலாக வந்தால் ஒரு மணி நேரமும் காத்திருக்காமல் மதகைத் திறந்து நீர்மட்டத்தைத் தாழ்த்தத் தொடங்குங்கள், கரைக்குக் கீழே குடியிருப்பவர்களை எழுப்பி மேட்டுக்கு அனுப்புங்கள். அந்த மதகு திறக்கிறதா என்பதைத் தயவுசெய்து இந்த வாரமே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.