வளையத்தின் ஓரம் எப்போது முடிவாகிறது?

"ரத்தக் கல்ச்சரில் கிருமி இருப்பதாகக் காலையில் சொன்னார்கள். எந்த ஆன்டிபயாடிக்குக் கேட்கும் என்று சாயங்காலமே ரிப்போர்ட் வந்துவிட்டது. நம்பலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வழக்கமான முறையில், ரத்தத்தை விட்டுக் கிருமி வளர்த்த கல்ச்சர் பாட்டிலில் இருப்பதை முதலில் தட்டில் வளர்ப்பார்கள். மறுநாள் காலனிகளை உப்புநீரில் கரைத்து, 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற நிலையான கலங்கல் அளவுக்குக் கொண்டுவந்து, முல்லர்-ஹின்டன் அகார் என்ற ஜெல்லி போன்ற வளர்ப்பு ஊடகத்தில் பூசி, மருந்து ஊறிய காகித வட்டுகளை வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் விடுவார்கள். பிறகு வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை மி.மீ.யில் அளப்பார்கள். அட்டவணையில் உள்ள எல்லையை வளையம் எட்டினால் அந்த மருந்து கேட்கும் என்று அர்த்தம்.

அந்த வளையத்தின் ஓரம் மறுநாள் காலையில் விழும் கோடு அல்ல. வட்டு அகாரைத் தொட்டதுமே பந்தயம் ஆரம்பம்: மருந்து வெளியே பரவுகிறது, கிருமி பெருகுகிறது. ஓரிடத்தில் கிருமி போதுமான நெருக்கத்தை எட்டிவிட்டால், அப்புறம் வந்து சேரும் மருந்து அதை அசைக்காது. முதல் சில மணி நேரத்திலேயே ஓரம் முடிவாகிவிடும். மீதி நேரமெல்லாம் அது கண்ணுக்குத் தெரிவதற்குத்தான்.

அதனால்தான் கிருமியை அடர்த்தியாகப் பூசினால் வளையம் சுருங்கி, கேட்கும் மருந்தும் கேட்காததாகத் தெரியும். நீர்த்துப் பூசினால் கேட்காத மருந்து கேட்பதாக ரிப்போர்ட் போகும். நோயாளிக்கு ஆபத்து இதில்தான் அதிகம். அகார் 4 மி.மீ.யைவிடத் தடித்தாலும் மருந்து ஆழத்தில் இறங்கி வளையம் சிறுக்கும்.

அப்படியிருக்க, கலங்கலை அளக்காமல் பாட்டிலிலிருந்து நேரே பூசலாமா? கிருமி விடும் கார்பன் டைஆக்சைடு ஓர் அளவைத் தாண்டினால்தான் கருவி 'பாசிட்டிவ்' காட்டும். அதற்குள் மில்லிலிட்டருக்குப் பல கோடிக் கிருமிகள் சேர்ந்திருக்கும். அளக்கும் வேலையைப் பாட்டிலே ஓரளவு செய்துவிடுகிறது! ஐரோப்பிய ஆன்டிபயாடிக் பரிசோதனைக் குழுவான யூகாஸ்டின் விரைவு முறையில் இதை நீர்க்காமல் 125 மைக்ரோலிட்டர் பூசி 4, 6, 8 மணி நேரத்தில் அளக்கிறார்கள். ஒவ்வொரு நேரத்துக்கும், ஒவ்வொரு இனத்துக்கும் தனி எல்லை உண்டு. 4 மணி வளையத்தை வழக்கமான அட்டவணையில் வைத்துப் படித்தால் விடை தப்பு. இனம் தெரியாமல் படிப்பதும் அப்படியே. இரண்டு கிருமிகள் கலந்திருந்தால் அந்தத் தட்டு எதற்கும் உதவாது.

எல்லையை ஒட்டி ஓர் ஐயப் பட்டையும் உண்டு. வளையம் அதில் விழுந்தால் தட்டைத் திரும்ப இன்குபேட்டரில் வைத்து அடுத்த நேரத்தில் பார்க்க வேண்டும். 'இப்போது சொல்ல முடியாது' என்று எழுதும் லேப்தான் என் கணக்கில் நல்ல லேப். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்கோ வட்டு முறையே ஆகாது: பெரிய மூலக்கூறு, அகாரில் சரியாகப் பரவாது. அதற்கு, மருந்தைத் திரவத்தில் படிப்படியாக நீர்த்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் திரவ நீர்ப்பு முறைதான்.