உயரமான மலைப்பாதையில் பழைய கேம்பர் வேனுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

சமவெளியில் குறையில்லாமல் ஓடிய பழைய கேம்பர் வேன் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி), 2,000 மீட்டர் உயரம் தாண்டியதும் இழுவை குறைந்து திணறும். பின்னால் கறுப்பாகப் புகை வரும். வெப்பமானி முள் சிவப்புக் கோட்டை நெருங்கும். மூன்றும் மூன்று கோளாறுகள் போலத் தோன்றினாலும் காரணம் ஒன்றுதான்: காற்று மெலிந்துவிட்டது.

கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ இருக்கும். 3,000 மீட்டரில் 0.9 கிலோதான். எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் அதே கொள்ளளவைத்தான் உறிஞ்சுகிறது. ஆனால் உள்ளே போகும் ஆக்சிஜன் நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத எஞ்சினில் 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதத் திறன் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். 50 குதிரைத்திறன் எஞ்சின் அங்கே 35 தரும். கியரிலும் ஆக்சிலிலும் இழப்பது போக, சக்கரத்துக்கு 30 வந்தால் அதிகம்.

இந்த 30 எதற்குப் போதும்? 2,500 கிலோ வண்டி, 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போக, எடையைத் தூக்குவதற்கு மட்டும் 22 குதிரைத்திறன் வேண்டும். டயர் உருளும் தடைக்கு இன்னும் 3. இதே சாலையில் 40-ல் போக மொத்தம் 34 தேவை. அவ்வளவு சக்தி வண்டியில் இல்லை. ஆகவே இரண்டாம் கியரில் முப்பதை ஒட்டிப் போவதுதான் அந்த வண்டியின் நியாயமான வேகம். மூன்றாம் கியரில் பெடலை முழுக்க மிதித்துக் குறைந்த சுற்றில் முனகவிட்டால் சூடு ஏறுமே தவிர வேகம் ஏறாது. கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வளைவின் நடுவில் மாற்றினால் சேர்த்த வேகம் அத்தனையும் போய்விடும். வேனுக்குள் குடிக்க, கழுவ வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் காலியாக வைத்தே ஏறலாம். 60 லிட்டர் என்பது 60 கிலோ.

இனி கறுப்புப் புகை. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் குறுகிய கழுத்து வழியாகக் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த வித்தியாசம்தான் ஜெட் என்ற சிறு துளை வழியாகப் பெட்ரோலை இழுக்கிறது. காற்று மெலியும்போது பெட்ரோலும் குறையும், ஆனால் அதே விகிதத்தில் இல்லை. 3,000 மீட்டரில் காற்று 26 சதவீதம் குறைய, பெட்ரோல் 14 சதவீதம்தான் குறைகிறது. கலவையில் பெட்ரோல் சுமார் 16 சதவீதம் மிஞ்சிவிடுகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்: பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டிய பீங்கான் மூக்கு, விரலில் ஒட்டும் உலர்ந்த கரியாக இருக்கும்.

முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அழுக்கடைந்த ஃபில்டரும் இதே அறிகுறியைத்தான் காட்டும். பல நாள் உயரத்திலேயே ஓட்டப்போகிறீர்கள் என்றால் மெயின் ஜெட்டைச் சிறிதாக்கலாம். பல கார்புரேட்டர்களில் ஜெட்டின் எண் துளையின் விட்டத்தைக் குறிக்கும்: 130 என்றால் 1.30 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 120 போட்டால் கணக்குச் சரியாக வரும். இறங்கும்போது பழைய ஜெட்டை மறக்காமல் திரும்பப் போட வேண்டும். சின்ன ஜெட்டோடு சமவெளியில் விரட்டினால் கலவை மெலிந்து, வால்வும் பிஸ்டனும் வெந்துபோகும். ஒரே நாளில் ஏறி இறங்குவதற்கு ஜெட்டைத் தொடவே வேண்டாம்.

பழைய டீசல் எஞ்சினில் வைத்தியம் எளிது. பம்ப் அனுப்பும் டீசலை எரிக்கக் காற்று போதாததால்தான் புகை. புகை தெளியும் வரை பெடலிலிருந்து காலைத் தளர்த்துங்கள். அதற்குமேல் மிதிப்பது வீண்.

சூட்டுக்கு வருவோம். மெலிந்த காற்று ரேடியேட்டரிலிருந்து குறைவான வெப்பத்தையே எடுத்துச் செல்லும். கூடவே, 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதிக்கிறது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் கொதிநிலை 110-ஐத் தாண்டும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் திறப்பதே பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரியில். திறந்த கொஞ்ச நேரத்திலேயே கொதி வந்துவிடும். மலைக்குக் கிளம்புமுன் மாற்ற வேண்டிய முதல் பொருள் இந்த மூடிதான்.

முள் ஏறினால் ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஃபேனைப் போடுங்கள். அது இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்யும். இன்னும் ஏறினால் ஓரம் கட்டி, எஞ்சினை அணைக்காமல் ஐடிலைவிடச் சற்றுக் கூடுதலாக ஓடவிடுங்கள். நீராவி வந்துவிட்டால் மட்டும் அணையுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது. நிறுத்திய வண்டி மறுபடி கிளம்ப மறுத்தால், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்திருக்கலாம். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் பொறுத்திருங்கள்.

ஏற்றத்தில் தவறினால் வண்டிதான் நிற்கும். உயிருக்கு ஆபத்து இறக்கத்தில். 2,500 கிலோ வண்டி 1,000 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், 20 டிகிரியில் உள்ள 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சினையும் காற்றையும் அதில் பங்கெடுக்க விடாவிட்டால் அத்தனையும் பிரேக்கில் இறங்கும். மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டரும் காற்றழுத்தத்தை நம்பியே வேலை செய்வதால், உயரத்தில் அதன் உதவி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். பெடல் கனமாகத் தெரியும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெடலில் காலை வைத்தபடியே வராமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுக்க விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் பிரேக் டிரம் ஆறும்.

பெடல் கடினமாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பிரேக்கின் உராய்வுப் பட்டையான லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சு போல உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் 155-லேயே கொதிக்கலாம். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம்.

உயரத்திலேயே இரவு தங்கினால், காலையில் சோக்கை (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் கலவையைச் செறிவாக்கும் குமிழ்) பாதிக்குமேல் இழுக்க வேண்டாம். கலவை ஏற்கெனவே செறிவாகத்தான் இருக்கிறது. பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்து எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி பத்து விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள்.