இலவசம் என்று மதிப்பெண்ணை அனுப்பிவிட்டு வராதீர்கள்

போன வாரம் இன்னொரு அப்பா என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். மகள் அமெரிக்கக் கல்லூரிகளில் சேருவதற்கான எஸ்.ஏ.டி. தேர்வை அக்டோபரில் எழுதியிருக்கிறாள். மொபைலை என் பக்கம் திருப்பினார்: 1600க்கு 1270. அவள் ஆசைப்படும் நான்கு கல்லூரிகளிலும் சேர்பவர்கள் பெரும்பாலும் 1450க்கு மேல். "பரவாயில்லை, நவம்பரில் இன்னொரு முறை எழுதட்டும், அதை அனுப்பிக்கொள்ளலாம்" என்றேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். "நாலுக்கும் அனுப்பியாச்சு மேடம். ஃப்ரீதானே, விட்டா போயிடுமேன்னு..."

இந்த வருஷம் மட்டும் இது ஆறாவது முறை.

எஸ்.ஏ.டி.யை நடத்தும் காலேஜ் போர்டு ஒவ்வொரு தேர்வுக்கும் நான்கு கல்லூரிகளுக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பித் தரும், உண்மைதான். ஆனால் அந்தச் சலுகை தேர்வு எழுதிய ஒன்பதாம் நாளோடு முடிகிறது. மதிப்பெண் வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இலவசமாக அனுப்புகிறவர் எவரும் தன் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அனுப்புவதில்லை. பார்த்த பிறகு அனுப்பினால் ஒரு கல்லூரிக்குச் சுமார் 15 டாலர். விண்ணப்பக் கட்டணம் 75 டாலரை மறுபேச்சில்லாமல் கட்டுகிறவர்கள், இதில்தான் சிக்கனம் பிடிக்கிறார்கள்!

"ஸ்கோர் சாய்ஸ் இருக்கே, அப்புறம் மாத்திக்கலாமே?" முடியாது. எந்தத் தேதியின் மதிப்பெண் போக வேண்டும் என்று அனுப்பும் முன்பு தேர்ந்தெடுக்கத்தான் அது. போனதைத் திரும்பக் கூப்பிட அல்ல.

குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. பல கல்லூரிகள் வெவ்வேறு தேதிகளில் எழுதியவற்றிலிருந்து ஒவ்வொரு பகுதியிலும் உயர்ந்ததை எடுத்துக்கொள்ளும். ஆனால் விருப்பமிருந்தால் மட்டும் மதிப்பெண்ணைக் காட்டினால் போதும் என்கிற கல்லூரியில், காட்டாமலே இருக்கும் வசதியை நீங்களே கெடுத்துக்கொள்ளலாமா?

இலவசத்தைப் பயன்படுத்தவே கூடாதா என்றால், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் மாதிரி எழுதிய எல்லா மதிப்பெண்ணையும் கேட்கும் இடத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், எப்படியும் போகப்போகிறது. எம்.ஐ.டி.க்கு மதிப்பெண் கட்டாயம், ஆனால் விண்ணப்பத்தில் நீங்களே குறிப்பிட்டால் போதும், சேரும்போதுதான் அதிகாரபூர்வமாக அனுப்ப வேண்டும். பெர்க்லி, யூ.சி.எல்.ஏ.வுக்குக் காசு கட்டி அனுப்பியவர்களும் உண்டு. இரண்டும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள்; அந்தப் பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தையும் ஐந்து நிமிடம் படியுங்கள், ப்ளீஸ்.

விண்ணப்பத்துக்கு நவம்பர் 1 கடைசி நாள் என்றால் மதிப்பெண்ணை அக்டோபர் 31 இரவு அனுப்பாதீர்கள். பத்து நாள் கையில் இருக்கட்டும்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய தலைவலி, இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, எஸ்.ஏ.டி. கணக்கில் ஒற்றை எழுத்தாக, விண்ணப்பத்தில் பெயர் முன்பின்னாக. கல்லூரியில் மதிப்பெண் ஒரு பக்கம், விண்ணப்பம் ஒரு பக்கம் கிடக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பிள்ளையிடம் விடாமல் நீங்களும் கூட உட்காருங்கள்.