துருக்மெனெலி: ஒரு பெயரின் பொருளும் தமிழாக்கமும்

ஈராக்கில் துருக்கிய மொழி பேசும் துருக்மென் மக்கள் வாழும் நிலத்துக்கு ‘துருக்மெனெலி’ என்று பெயர். ஈராக்கைப் பற்றிய எழுத்துகளில் அவ்வப்போது தலைகாட்டும் இந்தப் பெயர் தமிழுக்கு வரும்போது இரண்டு விதமாகச் சிதைகிறது. அவசரமாக மொழிபெயர்ப்பவர் அதைத் ‘துருக்மெனிஸ்தான்’ ஆக்கி, மத்திய ஆசியாவில் இருக்கும் வேறொரு நாட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார். ஒலிபெயர்த்து அப்படியே விட்டாலோ, படிப்பவர் கண்ணுக்குச் சொல்லின் வாலில் ஓர் எலிதான் முதலில் படுகிறது. இரண்டு பிழைகளுக்கும் காரணம் ஒன்றே: பெயரின் பின்பாதியில் நிற்கும் ‘எல்’ என்ற சிற்றசையின் பொருளை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

இப்பெயரைத் துருக்மென், எல், இ என மூன்றாகப் பிரிக்க வேண்டும். இறுதியில் உள்ள இகரம், இரண்டு பெயர்ச்சொற்களை ‘இன்னாருடைய இன்னது’ என்று பிணைக்கும் துருக்கிய உருபு. நடுவில் நிற்கும் ‘எல்’ மிகப் பழைய சொல். மங்கோலியாவில் உள்ள, 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர்கோன் துருக்கியக் கல்வெட்டுகளில் அது ‘இல்’ என்ற வடிவில், ஆளப்படும் மக்கள், அவர்களது ஆட்சி, அவர்கள் வாழும் நிலப்பரப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துக் குறிக்கிறது. இன்றைய துருக்கியில் மாகாணத்துக்கு ‘இல்’ என்றே பெயர். தூதரைக் குறிக்கும் ‘எல்ச்சி’யும் இந்த வேரில் கிளைத்ததுதான். ஒட்டோமன் பேரரசு தன் ஐரோப்பியப் பகுதியை ‘ரூமெலி’, அதாவது ரோமர் நாடு, என்று அழைத்தது. துருக்மெனெலி அதே அச்சில் வார்க்கப்பட்ட பெயர்.

இதே ஒலியில் துருக்கிய மொழியில் வேறு இரண்டு பொருள்களும் உண்டு. ஒரு ‘எல்’ கை; இன்னொரு ‘எல்’ அயலான், பிறத்தியார். ஈராக்கின் கிர்க்குக் நகரத்துத் துருக்மென்களின் பாட்டு வடிவமான ‘ஹொய்ராத்’, நான்கு அடிகளில், ஒரே ஒலியுடைய சொல்லை வெவ்வேறு பொருளில் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவது. நம் யாப்பில் இதை மடக்கு என்போம். கை, நாடு, அயலான் என்ற மூன்றும் ஒரே ஓசைக்குள் அடங்கிக் கிடக்கும் மொழியில் அப்படியொரு பாட்டு வடிவம் செழித்தது வியப்பன்று.

முன்பாதியான ‘துருக்மென்’ பற்றி விளக்கங்கள் பல. 11ஆம் நூற்றாண்டு அகராதியாளர் மஹ்மூத் அல்-காஷ்கரி, பாரசீகத்தில் ‘துருக்கரைப் போன்றவர்’ என்று பொருள்படும் ‘துர்க் மானந்த்’ என்பதிலிருந்து அது வந்ததாக ஒரு கதை சொல்கிறார். ‘-மென்’ என்பது சொல்லுக்கு அழுத்தம் சேர்க்கும் பழைய ஒட்டு என்று பிற்கால மொழியியலார் கூறும் விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது.

பெயர் குறிக்கும் நிலம், சிரிய எல்லைப் பக்கமுள்ள தலாஃபரில் தொடங்கி, எர்பில், அல்துன் குப்ரி, கிர்க்குக், தூஸ் குர்மாத்து வழியாக ஈரான் எல்லையருகே உள்ள மந்தலி வரை குறுக்காக இறங்கும் ஒரு பட்டை. வடகிழக்கே குர்துகளும் தென்மேற்கே அரபுகளும் வாழ, இந்தப் பட்டை இருவருக்கும் நடுவில் கிடக்கிறது. வழிநெடுக ஊர்ப்பெயர்கள் துருக்கிய மொழி பேசுகின்றன: அல்துன் குப்ரி என்றால் பொற்பாலம், தூஸ் என்றால் உப்பு.

ஆனால் எந்த அரசின் நிலப்படத்திலும் துருக்மெனெலி இல்லை. 1932இல் ஈராக், ஐ.நா.வுக்கு முன்னோடியான தேசங்களின் சங்கத்துக்கு அளித்த உறுதிமொழி, கிஃப்ரி, கிர்க்குக் மாவட்டங்களின் மக்களில் கணிசமானோர் துருக்மென் இனத்தவர் என்று ஒப்புக்கொண்டு மொழியுரிமை பேசியது. 2005ஆம் ஆண்டு அரசியலமைப்பு, அவர்கள் செறிந்து வாழும் நிர்வாகப் பகுதிகளில் துருக்மென் மொழியை ஆட்சிமொழியாக ஏற்றது. இரண்டிலும் மக்கள் இருக்கிறார்கள், அவர்களது நாட்டின் பெயர் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் துருக்மென் கட்சிகளும் அமைப்புகளும் பரப்பிய பெயர் அது. அதனால் அது ஒரு நிலத்தைச் சுட்டுவதோடு, அந்நிலத்தின் மீது ஒரு கோரிக்கையையும் வைக்கிறது.

அக்கோரிக்கை ஏன் சிக்கலானது என்பதைக் கிர்க்குக்கின் 1957ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு காட்டும். நகரத்தின் 1,20,402 பேரில் துருக்மென் மொழியினர் 45,306, குர்திஷ் மொழியினர் 40,047, அரபு மொழியினர் 27,127. நகரில் துருக்மென்கள் முதலிடத்தில் இருந்தார்கள், பாதியை எட்டவில்லை; மாகாணம் முழுமைக்கும் கணக்கிட்டால் குர்துகளே முதலிடம். அடியில் எண்ணெய் வேறு: 1927இல் நகருக்கு அருகே பாபா குர்குரில் அது பீறிட்டது. 1959 ஜூலையில் கிர்க்குக்கில் துருக்மென்கள் கொல்லப்பட்டார்கள். 2014இல் தலாஃபர் ஐஎஸ் அமைப்பின் கையில் விழுந்து 2017 ஆகஸ்டில்தான் மீண்டது. ஆமிர்லி என்னும் துருக்மென் ஊர் 2014இல் அதே அமைப்பின் முற்றுகைக்குள் இரண்டு மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடித்தது.

இனித் தமிழாக்கம். ‘துருக்கர் நாடு’ என்பது காதுக்கு எளிது, ஆனால் அது துருக்கியையே குறிக்கும். ‘துருக்மென் தாயகம்’ என்று எழுதலாம். ஆனால் ஈழ அரசியல் வழியாக நமக்குப் பழகிப்போன ‘தாயகம்’, மூலச் சொல்லில் இல்லாத தாயைக் கொண்டுவருவதோடு, கோரிக்கையை எழுதுபவரே ஏற்றுக்கொண்ட தொனியையும் தந்துவிடுகிறது. ‘பகுதி’ என்றால் கோரிக்கையே மறைந்துபோகும். என் தேர்வு ‘துருக்மென்நாடு’. கொங்குநாடு, தொண்டைநாடு, செட்டிநாடு என்னும்போது நாம் கொடியும் எல்லைக்காவலும் உள்ள அரசைக் கருதுவதில்லை. ஒரு மக்களோடு ஒட்டிய நிலத்தைக் கருதுகிறோம். சோழநாடு என்னும்போது ஆட்சியும் அதில் சேர்ந்துகொள்கிறது. ‘எல்’ என்ற சொல்லுக்கும் இதே நெகிழ்ச்சி உண்டு.

‘துருக்மென்’, ‘நாடு’ இரண்டையும் சேர்த்தே எழுதுவது நல்லது. பிரித்து எழுதினால் இறையாண்மையுள்ள நாடு என்ற மயக்கம் வரும். முதல் இடத்தில் ‘ஈராக்கின் துருக்மென்நாடு’ என்று அடைகொடுத்துவிட்டால், துருக்மெனிஸ்தானோடு குழப்பிக்கொள்ளவும் வழியிராது. அங்குள்ளவர்களைத் ‘துருக்மென்கள்’ அல்லது ‘துருக்மென் மக்கள்’ என்க; ‘துருக்மெனிஸ்தானியர்’ என்பது அஷ்காபாத்தைத் தலைநகராகக் கொண்ட துருக்மெனிஸ்தான் அரசின் குடிமக்களுக்கு மட்டுமே உரியது.