ரோஜா: முளரியா, பன்னீர்ப்பூவா?

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் வெறுமனே 'ரோஜா' என்று கேட்டால் வேலை ஆகாது. பன்னீர் ரோஜாவா, பட்டன் ரோஜாவா, ஆந்திரா ரோஜாவா என்று திருப்பிக் கேட்பார்கள். மாலைக்கு ஒன்று, தலைக்கு ஒன்று, தர்காவில் போர்த்தும் பூச்சாதருக்கு இன்னொன்று. சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் அதே பூவைத் தெலுங்கில் 'குலாபி' என்பார். உருது பேசும் பாட்டி 'குலாப்' என்பார். கடைக்கார அம்மா 'ரோசாப்பூ' என்பார். மூவரும் கை காட்டுவது ஒரே கூடையைத்தான். இந்த மூன்றில் எது தமிழ் என்றால், மூன்றுமே வந்து சேர்ந்த சொற்கள்.

முதலில் 'ரோஜா'. இது ஆங்கிலத்திலிருந்து வந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆங்கிலத்திலிருந்து வந்திருந்தால் கடைசியில் ஆகாரம் எங்கிருந்து முளைத்தது? போர்ச்சுகீசியர் இந்தப் பூவை 'ரோசா' என்கிறார்கள். இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே வரும் சகரத்தை அவர்கள் சற்று அதிர்த்து உச்சரிப்பார்கள். அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லாததால் நம் ஆட்கள் அதை ஜகரமாக்கிக்கொண்டார்கள். 'மேஜை'யும் இதே வழியில் வந்ததுதான். அவர்களுடைய 'மேசா' இங்கே ஒருவர் வாயில் மேசை, இன்னொருவர் வாயில் மேஜை. அதேபோலத்தான் ரோசாவும் ரோஜாவும். 16ஆம் நூற்றாண்டில் சாந்தோமிலும் பழவேற்காட்டிலும் அவர்கள் குடியேறிய பிறகு ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் தமிழுக்குள் வந்த கூட்டத்தில் இதுவும் ஒன்று.

ஆங்கிலச் சொல்லும் வராமல் இல்லை. அது தனியாக வந்து நிறத்தின் பெயராகத் தங்கிவிட்டது. ஜவுளிக்கடையில் 'ரோஸ் கலர்' என்றால் இளஞ்சிவப்புதான் எடுத்துப் போடுவார்கள். சிவப்பு ரோஜாவை யாரும் ரோஸ் கலர் என்று சொல்வதில்லை.

ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்ற விதியை வைத்து 'உரோசா' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். விதி சரிதான். ஆனால் அப்படிக் கேட்டுப் பூ வாங்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. கிரந்த எழுத்து வேண்டாம் என்றால் நம் ஊர் வாயில் உள்ள 'ரோசாப்பூ' போதும்.

இன்னும் பின்னால் போனால் ஒரு வேடிக்கை. போர்ச்சுகீசியச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. லத்தீன் சொல் கிரேக்கர்களின் 'ரோடோன்' வழியாக வந்தது என்பார்கள். அந்த ரோடோனுக்குப் பின்னால் இருப்பது பழைய ஈரானிய மொழிச் சொல் ஒன்று, 'வர்த' என்பது போல ஒலித்தது. அதே வேர் பாரசீகத்தில் காலப்போக்கில் தேய்ந்து 'குல்' ஆயிற்று. ஆக, கடைக்கார அம்மாவின் ரோசாவும் பாட்டியின் குலாப்பும் ஒரே கொள்ளுப்பாட்டியின் பேத்திகள். ஒன்று ஐரோப்பாவைச் சுற்றிக் கப்பலில் வந்தது, மற்றது பாரசீகம் பேசிய அரசவைகள் வழியாக ஆற்காடு வந்தது.

'குலாப்' என்பதற்கு முதலில் பூ என்று பொருளே இல்லை. குல் என்றால் பூ, குறிப்பாக ரோஜா; ஆப் என்றால் நீர். குலாப் என்றால் ரோஜாவிலிருந்து வடித்த வாசனை நீர். இந்தியிலும் தெலுங்கிலும் நீரின் பெயர் பூவுக்கு ஏறிவிட்டது. குலாப் ஜாமூனில் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஜாமூன் என்றால் நாவல்பழம், ஆகவே அது பன்னீர்ப் பாகில் ஊறிய நாவல்பழம். ஆற்காடு மக்கன் பேடாவை அதன் பங்காளி என்று சொல்லலாம்.

அந்த நீருக்குத் தமிழில் சொந்தப் பெயர் உண்டு. பனிநீர், அதுவே பேச்சில் பன்னீர். கல்யாண மண்டப வாசலில் மேஜை போட்டு, சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு வைத்து, பக்கத்தில் நீண்ட கழுத்துள்ள பன்னீர்ச் செம்பை வைப்பார்கள். உள்ளே வருகிறவர் மேல் சின்னப் பெண் ஒருத்தி அதைச் சாய்த்துத் தெளிப்பாள். பாதி சட்டையில் விழும், பாதி கண்ணில் விழும். குல்கந்து என்ற சொல்லைப் பிரித்தால் இதே மேஜைதான் வருகிறது: குல் என்பது ரோஜா, கந்து என்பது சர்க்கரை, நம் கற்கண்டில் இருக்கும் கண்டுக்கு உறவு. பன்னீர் ரோஜா இதழையும் சர்க்கரையையும் அடுக்கடுக்காகக் கண்ணாடி ஜாடியில் போட்டு, வாயை மூடி வெயிலில் வைத்தால், இதழ் நீர்விட்டுச் சுருங்கி, சில வாரங்களில் கரும்பழுப்பாகக் குழைந்துவிடும். வேலூரில் ரோஜா வளர்ப்பவர் வெயிலைத் திட்டுவார், குல்கந்து போடுகிறவர் கும்பிடுவார்.

இனித் தமிழ்ப் பெயருக்கு வருவோம். தனித்தமிழ் அன்பர்கள் பலர் 'முளரி' என்கிறார்கள். முள் உள்ள செடி என்று பார்த்தால் பொருத்தமாகத்தான் தெரிகிறது, அகராதியில் முட்செடி என்ற பொருளும் இருக்கிறது. ஆனால் இலக்கியத்தில் முளரி என்றால் பெரும்பாலும் தாமரை. பிரம்மாவுக்கு 'முளரியான்' என்று பெயர், அவர் உட்கார்ந்திருப்பது ரோஜாவின் மேல் அல்ல. தாமரைக்கு முள் ஏது என்று கேட்கலாம். குளத்தில் இறங்கித் தண்டைப் பிடித்துப் பார்த்தவருக்குத் தெரியும், உள்ளங்கை சுரசுரக்கும். திருமுருகாற்றுப்படை 'முள் தாள் தாமரை' என்றே சொல்கிறது. வடமொழியிலும் இதே கதை நடந்திருக்கிறது: நூறு இதழ் என்று பொருள்படும் 'சதபத்ரம்' தாமரை, 'சதபத்ரி' ரோஜா. அங்கே ஒரு விகுதியாவது வேறுபடுகிறது. நாம் முளரியை அப்படியே தூக்கிக் கொடுத்தால், பழம்பாடல் படிக்கும் பிள்ளை குளத்தில் ரோஜா பூத்திருப்பதாக நினைத்துக்கொள்ளும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

என் ஓட்டு பனிநீர்ப்பூவுக்கு. மலையாளத்தில் ரோஜாவுக்கு 'பனிநீர்ப்பூவு' என்றே பெயர். தமிழில் இல்லாத எதையும் அவர்கள் இதில் சேர்க்கவில்லை. ஒரே சிக்கல், நம்மிடம் 'பன்னீர்ப்பூ' என்ற பெயரில் வேறொரு மரம் இருக்கிறது. இரவில் வெள்ளையாகப் பூத்து மணக்கும் மரம். திருச்செந்தூரில் விபூதி மடித்துத் தருவது அந்தப் பன்னீர் இலையில்தான். அதனால் குறுக்காமல் 'பனிநீர்ப்பூ' என்று முழுசாக எழுதினால் குழப்பம் வராது. ஓட்டல் பட்டியலில் வரும் பன்னீர் பட்டர் மசாலாவோடும் யாரும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். கவிதைக்கும் கட்டுரைக்கும் இது போதும். நர்சரியில் போய்ச் சொன்னால் எந்தச் செடி கொடுப்பார்கள் என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

நர்சரி மொழி தனி. அங்கே இரண்டே சாதி: ஒட்டு ரோஜா, நாட்டு ரோஜா. நாட்டு ரோஜா என்பது வெளிர் ரோஸ் நிறத்தில், முகர்ந்ததும் மூக்கில் ஏறும் மணத்தோடு, காலையில் மலர்ந்து சாயங்காலம் இதழ் கொட்டும் அந்தப் பன்னீர் ரோஜாதான். தமஸ்கு ரோஜா வழியில் வந்தது, பெயரில் சிரியாவே இருக்கிறது. ஆனாலும் கொல்லையில் குச்சி நட்டால் பிடித்துக்கொள்வதால் நாட்டு ரோஜா ஆகிவிட்டது. ஒட்டுச் செடிக்கு அந்தத் தைரியம் கிடையாது. நடும்போது ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். அதற்குக் கீழேயிருந்து தளதளவென்று ஒரு கிளை கிளம்பினால், செடி செழிக்கிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது, அது வேருக்காக வைத்த அடிச்செடியின் கிளை. விட்டால் மேலே உள்ளதைப் பட்டினி போட்டுவிடும். அடியோடு கிள்ளி எடுக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கவாத்து செய்துவிட்டால் நல்லது.

குச்சியில் பிடிக்கும் செடி எங்கே போனாலும் உள்ளூர்க்காரனாகிவிடும். அமெரிக்காவின் மேற்கு எல்லையில் வண்டி கட்டிக்கொண்டு குடியேறியவர்களைப் பற்றிய காதல் நாவல்களில், கதாநாயகி ஒரு மஞ்சள் ரோஜாவின் வேர்க்கன்றை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போவது அடிக்கடி வரும் காட்சி. கற்பனை மட்டும் இல்லை. 1830 வாக்கில் நியூயார்க்கில் தோன்றிய 'ஹாரிசன் மஞ்சள்' என்ற வகை அப்படித்தான் மேற்கே போனது. அடியிலிருந்து தானே கன்று விடும் சாதி அது. ஜார்ஜியா மாநிலத்தின் பூவான செரோக்கி ரோஜாவோ இன்னும் ஒரு படி மேல். 1838இல் செரோக்கி மக்கள் மண்ணைவிட்டு விரட்டப்பட்டபோது தாய்மார் சிந்திய கண்ணீரில் முளைத்தது என்பது அங்கே வழங்கும் கதை. தாவரவியல் கணக்கில் அது சீனத்துச் செடி. இந்தக் கதைகளைத் தமிழில் பெயர்க்கிறவர்கள் எல்லா ரோஜாவையும் 'காட்டு ரோஜா' என்று ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறார்கள். பெயரையே வைத்துவிடுவது நல்லது.

வட ஆற்காட்டின் நாட்டார் கதைகளில் ரோஜா தேடினால் கிடைப்பது குறைவு. இங்கே எல்லைக் காதல் கதை என்றால் செஞ்சியின் தேசிங்கு ராஜன்தான். 1714இல் ஆற்காட்டு நவாபோடு மோதி அவன் மாண்டபின் உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் என்பார்கள். பக்கத்திலேயே நவ்லாக் இருக்கிறது, நவாப் காலத்தில் ஒன்பது லட்சம் மரம் வைத்த தோட்டம் என்று பெயருக்கு விளக்கம். அங்கேயும் பேச்சு மரத்தைப் பற்றித்தான், பூவைப் பற்றி இல்லை. பூவோடு நேராகச் சேர்ந்த தெய்வம் இந்தப் பக்கத்தில் பூவாடைக்காரி, சுமங்கலியாக இறந்துபோன வீட்டுப் பெண். கல்யாணத்துக்கு முன் அவளைக் கும்பிடாமல் காரியம் தொடங்காத குடும்பங்கள் உண்டு. சங்கப் பாட்டுக்குப் போனாலும் ரோஜா தேடுகிறவருக்கு இதே கதைதான். குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 பூக்களிலும் ரோஜா இல்லையே.

கடைசியாக, பெயரில் மட்டும் ரோஜாவாக இருப்பவை. டேபிள் ரோஸ் என்று தொட்டியில் வளர்ப்பது பத்து மணிப்பூ, தரைப்பசலைக்குக் கிட்டத்து உறவு. அடி பருத்து வளரும் 'பாலைவன ரோஜா'வோ அரளிக் குடும்பம். பால் விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம் வேண்டும். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் காட்பாடி மொட்டைமாடியில் அசல் ரோஜா மொட்டோடு கருகி நிற்கும்போது, இது மட்டும் தண்ணீரைக்கூடக் கேட்காமல் பூத்துக்கொண்டிருக்கும்.